தாத்தாவின் நீல விளக்கு: ஒரு பழைய யுவி கருவியோடு நான்கு மாதங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்புறம் ஒரு மீன் குளம் இருக்கிறது. சுமார் 9,000 லிட்டர் பிடிக்கும். அதில் பதினொரு கோய் மீன்கள். வீட்டுக்காரத் தாத்தா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குளத்தை வெட்டியதும், வடிகட்டும் பில்டரைக் கட்டியதும், தண்ணீரைத் தெளிவாக வைக்க ஒரு யுவி (புற ஊதாக் கதிர்) கருவியைச் செய்ததும் எல்லாம் அவர் கைதான். 2022-இல் அவர் போய்விட்டார். அதற்கடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மனைவி, ஆயா, என் கதவைத் தட்டி, "தம்பி, நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே, லைட்டு எரியுது, ஆனா தண்ணி கீரை மசியலாட்டம் கிடக்கே, கொஞ்சம் வந்து பாரு" என்றார். நான் படித்தது சிவில். ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கிய முதல் மாதம் முழுக்க எனக்கு இரவுச் சாப்பாடு போட்டவர் அவர்.

அந்த வேலை ஜனவரி வரை இழுத்தது. கையிலிருந்து கிட்டத்தட்ட 7,000 ரேண்ட் போனது, ஒரு மீன் செத்தது, இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தேன். கேட்க எனக்கு யாரும் கிடைக்கவில்லை. இப்படி ஒரு பழைய கருவி உங்கள் வீட்டு மூலையில் கிடந்து, அதைத் திரும்ப ஓட வைக்க ஆசைப்பட்டால், தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் கருவியைப் பற்றி. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், அதன் இரண்டு முனையிலும் மூடி. குழாயின் நடுவே குவார்ட்ஸ் கண்ணாடி உறை ஒன்று முனையிலிருந்து முனைவரை ஓடுகிறது. அந்த உறைக்குள் 30 வாட் ட்யூப். தண்ணீர் உறைக்கு வெளியே, ஸ்டீல் குழாய்க்குள் ஓடும். ட்யூபில் தண்ணீர் படாது. ட்யூபுக்கு மின்சாரம் தர, பழைய ட்யூப்லைட்டில் இருக்கும் அதே சோக்கும் ஸ்டார்ட்டரும். ஒரு பக்க மூடியில் தாத்தா சின்ன ஓட்டை போட்டு அதில் ஒரு கோலிகுண்டை வைத்து ஒட்டியிருந்தார். விளக்கு எரிந்தால் அந்தக் கோலி நீலமாக ஒளிரும். ஆயா சொன்ன "லைட்டு எரியுது" அதுதான். சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றிவிட்டு வெளியே வந்து அந்தக் கோலியை ஒரு பார்வை பார்ப்பது அவருக்குப் பல வருடப் பழக்கம்.

என்னையும் அந்தக் கோலிதான் ஏமாற்றியது. எரிகிற விளக்கில் பழுது இருக்காது என்று முடிவு செய்து, பில்டரைத்தான் இரண்டு வாரம் கழுவிக்கொண்டிருந்தேன். பஞ்சு மாற்றினேன், பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பச்சை துளியும் குறையவில்லை. பிறகுதான் சோக்குப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் பென்சிலில் வரிசையாகத் தேதிகள். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் அல்லது செப்டம்பர், பக்கத்தில் "புது ட்யூப்" என்று கொஞ்சம் கோணலான தமிழ் எழுத்து. கடைசித் தேதி 2016. தாத்தாவுக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கிய வருடம் அது என்று ஆயா சொன்னார். அதாவது அந்த ட்யூப் ஏழு வருடம் எரிந்திருக்கிறது.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கிருமியையும் பாசியையும் கொல்லும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ட்யூபுக்குள் இருக்கும் பாதரச ஆவி வெளியிடும் 254 நானோமீட்டர் கதிர்தான் அந்த வேலையைச் செய்கிறது. பாசி செல்லின் டி.என்.ஏ.வைக் குலைத்து, அது பெருகவிடாமல் செய்துவிடும். நாம் பார்க்கும் நீலம், கூடவே வரும் கொஞ்சம் மிச்ச வெளிச்சம், அவ்வளவே. ட்யூப் பழசாகப் பழசாக அதன் கண்ணாடி அந்தக் கதிரை வெளியே விடுவது குறைந்துகொண்டே போகும், நீலம் மட்டும் அப்படியே இருக்கும். இந்த வகை ட்யூபின் ஆயுள் பெரும்பாலும் 8,000, 9,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். இடைவிடாமல் எரித்தால் ஏறக்குறைய ஒரு வருடம். தாத்தா வருடத்துக்கு ஒருமுறை மாற்றியதற்குக் காரணம் அது. பழைய கருவி ஒன்று கைக்கு வந்தால் முதலில் ட்யூபை மாற்றுங்கள், அது எவ்வளவு அழகாக எரிந்தாலும் சரி.

சரி, ட்யூப் வாங்கப் போனேன். பழைய ட்யூபைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போய் "இதே நீளத்தில் யுவி ட்யூப் வேண்டும்" என்றேன். கடைக்காரர் அளந்து பார்த்து, அதே நீளம், அதே தடிமன், அதே இரண்டு ஊசி முனைகளுடன் ஒன்றைக் கொடுத்தார். 420 ரேண்ட். மாட்டினேன், எரிந்தது. கோலி முன்பைவிட நன்றாகவே நீலமாக ஒளிர்ந்தது. ஆயா கையெடுத்துக் கும்பிட்டார். இன்னும் இரண்டு வாரம் போனது, தண்ணீர் பச்சைதான். நான் வாங்கி வந்தது, கசாப்புக் கடையிலும் உணவகத்திலும் ஈ பிடிக்கும் பெட்டிக்குள் போடும் ட்யூப். அதுவும் புற ஊதாதான், ஆனால் 365 நானோமீட்டர் பக்கம். பூச்சியை இழுக்கும், பாசியை ஒன்றும் செய்யாது.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கிருமி கொல்லும் ட்யூபின் கண்ணாடி முழுக்கத் தெளிவாக, தண்ணீர்க் குவளை போல இருக்கும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பார்க்கலாம், இரண்டு முனையிலும் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் தெரியும். உள்ளே வெள்ளைப் பூச்சு இருந்தால் அது நமக்கு வேண்டியதல்ல. கருநீலமாக, கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தால் அது மேடை அலங்காரத்துக்கானது. மேலே அச்சிட்டிருக்கும் குறியீட்டையும் படியுங்கள். 30 வாட் என்றால் பொதுவாக ஜி30டி8 என்றிருக்கும், பிலிப்ஸ் ட்யூபில் டியுவி என்றிருக்கும். கடையில் "யுவி" என்று மட்டும் கேட்காதீர்கள், "கிருமி கொல்லும் யுவி-சி" என்று கேளுங்கள்.

சரியான ட்யூபை 380 ரேண்டுக்கு வாங்கினேன். அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் கண்ணில் நீர் கட்டுகிறது. ஈ பிடிக்கும் ட்யூபை மாட்டுவதற்கு முன் சமையலறை மேசையில் வைத்து எரியவிட்டுச் சோதித்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் இதையும் அப்படியே மேசையில் எரியவிட்டேன். ஸ்டார்ட்டர் சரியாகப் பிடிக்கவில்லை. கழற்றி மாட்டி, திருப்பி மாட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் முகத்துக்கு நேரே அதோடு மல்லுக்கட்டினேன். அப்போது எந்த எரிச்சலும் இல்லை, சூடும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு முடித்தேன். நள்ளிரவு ஒரு மணிக்கு, இரண்டு கண்ணிலும் யாரோ மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தது போல விழித்தேன். இமையைத் திறந்தால் வலி, மூடினால் அதைவிட வலி. முகமும் கழுத்தும் வெயிலில் வெந்தது போலச் சிவந்திருந்தன. பார்வையே போய்விட்டது என்று நினைத்தேன். அம்மாவுக்கு ஃபோன் செய்யக்கூட எண்கள் தெரியவில்லை. ஆயாவின் பேரன் தன் பக்கியில் (பின்புறம் திறந்த சின்ன சரக்கு வண்டி) ஏற்றிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனான். டாக்டர் கண்ணில் சாயம் விட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வெல்டிங் செய்தீர்களா?"

கருவிழியின் மேல்தோல் வெந்துவிடுகிறது, வெல்டிங் செய்கிறவர்களுக்கு வருவது போலவே. பட்ட உடனே தெரியாது, பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வலி வரும். அதனால்தான் ஆட்கள் தெரியாமலே நீண்ட நேரம் நின்றுவிடுகிறார்கள். எனக்கு இரண்டு நாளில் சரியானது, சொட்டு மருந்தோடு சேர்த்து 1,350 ரேண்ட் ஆனது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: மூடாத 30 வாட் ட்யூபிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்றாலே, ஒரு நாள் முழுவதற்கும் பாதுகாப்பான அளவு சுமார் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. நான் நின்றது கைத்தொலைவில். இந்த ட்யூபை வெளியே வைத்து ஒருபோதும் எரியவிடாதீர்கள், அரை நிமிடத்துக்கும் வேண்டாம். கருவிக்குள் வைத்து, இரண்டு மூடியும் போட்ட பிறகே சுவிட்ச். குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீட்டில் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. தாத்தா மூடியில் கோலிகுண்டு வைத்ததன் அர்த்தம் கண் கட்டி வீட்டில் படுத்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. விளக்கு எரிகிறதா என்று ஆயா தினமும் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகாதபடி யோசித்துச் செய்திருக்கிறார்.

கண் சரியானதும் கருவியைக் கழற்றினேன். குவார்ட்ஸ் உறை முழுக்கப் பழுப்பாக, டீ கெட்டிலின் அடியில் படிவது போலக் காரை படிந்திருந்தது. எவ்வளவு புது ட்யூப் போட்டாலும் இந்தக் காரையைத் தாண்டிக் கதிர் தண்ணீருக்குப் போகாது. உறையை வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊற வைத்து, மெல்லிய துணியால் துடைத்தால் பளிங்கு போல ஆகிவிடுகிறது. கம்பி நார், மணல் காகிதம் எதுவும் வேண்டாம், கீறல் விழும். சுத்தம் செய்த பிறகு உறையையும் ட்யூபையும் வெறும் கையால் தொடாதீர்கள், கை எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும். பருத்திக் கையுறை போடுங்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டு, முனையில் இருக்கும் நட்டை ஸ்பேனரால் ஒரு சுற்று அதிகமாக முறுக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். அந்த உறை தாத்தா வாங்கி வைத்தது, முப்பது வருடம் தாங்கியது. புது உறை உள்ளூரில் கிடைக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரவழைக்க 950 ரேண்டும் மூன்று வாரமும் ஆனது. ஒழுகும் நட்டை இன்னும் முறுக்கத் தோன்றுவது இயல்புதான், ஆனால் தவறு முறுக்கில் இல்லை, ரப்பர் வளையத்தில் இருக்கிறது. இந்தக் கதிர் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் மெல்ல மெல்லத் தின்னும். பழைய ஓ-ரிங் கல்லாகியிருந்தது. தாத்தா போட்டிருந்த பி.வி.சி. மூடிகளை விரலால் அழுத்தினால் பிஸ்கட் போல உடைந்தன. கருவியைக் கழற்றுகிறபோதெல்லாம் ஓ-ரிங் புதிதாகப் போடுங்கள், வைட்டான் என்ற அதிகம் தாங்கும் ரப்பர் வகை கிடைத்தால் நல்லது, நட்டைக் கையால் மட்டும் முறுக்குங்கள். உடல் முழுவதும் பி.வி.சி. குழாயால் செய்த கருவி உங்களிடம் இருந்தால் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு போலப் பொடி ஒட்டினால் அந்தக் குழாயைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

இதைச் சொல்லும் நான், புது உறை வந்த அவசரத்தில் ஒரு முனைக்கு மட்டும் பழைய ஓ-ரிங்கையே போட்டேன். கடை மூடியிருந்தது, அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விடியற்காலையில் உறைக்குள் தண்ணீர் கசிந்து, ட்யூபின் முனையைத் தொட்டு, எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்துவிட்டது. இங்கே வீட்டுப் பிளக்குகள் எல்லாம் அந்த ஒரே சுவிட்சின் கீழ் வரும். யுவியோடு குளத்துப் பம்பும் நின்றது, ஆயாவின் ஃபிரிட்ஜும் நின்றது. அன்று சனிக்கிழமை. நான் வெளியூர் போயிருந்தேன். ஆயா அந்தச் சுவிட்ச் இருக்கும் டி.பி. போர்டைத் தொடப் பயந்து, நான் வரும்வரை காத்திருந்தார். பூஜைக்குப் பிறகு சமைக்க வாங்கி வைத்திருந்த ஆட்டுக்கறி எல்லாம் கெட்டுவிட்டது. அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: ஸ்டீல் உடலுக்குப் போக வேண்டிய எர்த் கம்பி துரு தின்று எப்போதோ அறுந்திருக்கிறது. எர்த் லீக்கேஜ் மட்டும் வேலை செய்யாமல் போயிருந்தால் அந்தக் குளத்தில் கை விட்டு மீனுக்கு இரை போடும் ஆயாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

ஆகவே மின் வேலையை நீங்களே செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்த 1,200 ரேண்ட்தான் இந்தக் கதையில் நான் மனநிறைவோடு செலவழித்த பணம். சோக்கும் வயரும் மாற்றி, எர்த் கொடுத்து, யுவிக்குத் தனி எர்த் லீக்கேஜ் வைத்துக் கொடுத்தார். இப்போது யுவியில் கோளாறு வந்தால் யுவி மட்டும் நிற்கும். அப்புறம், ட்யூபை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உறைக்குள் ஒரு நீளமான டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்து, பம்பை ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். காகிதம் உலர்ந்தபடியே வெளியே வந்தால்தான் ட்யூப். இந்த ஒன்றை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்தக் கறி கெட்டிருக்காது.

மின்வெட்டு நாட்களில் இன்னொரு தொல்லை. மின்சாரம் போய்த் திரும்பும்போது யுவி உடனே எரிந்துவிடும், ஆனால் பம்பு சில நேரம் காற்று பிடித்துக்கொண்டு தண்ணீரை இழுக்காது. உள்ளே நிற்கும் கொஞ்சம் தண்ணீர் சூடாகிக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஸ்டீல் குழாயைத் தொட்டபோது கை சுட்டது. தண்ணீர் ஓடினால் மட்டுமே விளக்குக்கு மின்சாரம் விடும் ஃப்ளோ சுவிட்ச் அப்போது 380 ரேண்டுக்குக் கிடைத்தது. அதை எலக்ட்ரீஷியன் வரும் அன்றே பொருத்தச் சொல்லுங்கள், நான் அவரை இரண்டாம் முறை கூப்பிட வேண்டியதாயிற்று.

டிசம்பர் கடைசி வாரம் எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியது. நான்காவது நாள் தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் கலந்த கலங்கலாக மாறியது. சந்தோஷத்தில் வேறொன்றும் யோசிக்கவில்லை. ஆறாவது நாள் காலையில் வெள்ளையும் சிவப்புமான ஒரு பெரிய மீன் பக்கவாட்டில் மிதந்தது. மற்றவை நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. குளம் முழுக்க இருந்த பாசி ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனைக் குடித்துவிடும், அமோனியாவும் ஏறும். அதோடு டர்பனின் டிசம்பர் வெயில். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. அந்த மீனை ஆயாவின் பேத்தி பிறந்த வருடம் தாத்தா வாங்கி வந்தாராம். எலுமிச்சை மரத்தடியில் புதைத்தோம். விளக்கைப் பற்றி அவ்வளவு படித்த நான், விளக்கு வேலை செய்தால் குளத்துக்குள் என்ன நடக்கும் என்று படிக்கவில்லை.

பாசி திக்காக இருக்கும் குளத்தில் யுவியைப் போடுவதற்கு முன், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பச்சையை முடிந்தவரை குறைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கலந்தே விடுங்கள். ஏர் பம்பு ஒன்று இரவும் பகலும் ஓடட்டும். இரையை ஒரு வாரம் குறைத்துப் போடுங்கள். செத்த பாசி பில்டரில்தான் போய்ச் சேரும், அதனால் முதல் பத்து நாள் பஞ்சைத் தினமும் அலசுங்கள், குழாய்த் தண்ணீரில் இல்லாமல் குளத்துத் தண்ணீரிலேயே. பில்டரில் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாவை யுவி கொன்றுவிடுமோ என்று பயந்தேன். விளக்கைக் கடந்து போகும் தண்ணீரில் இருப்பதை மட்டும்தான் அது தொடும், பில்டரில் ஒட்டியிருப்பவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மீனுக்கு மருந்து போடும் நாட்களில் மட்டும் விளக்கை அணைத்து வையுங்கள், சில மருந்துகளை இந்தக் கதிர் சிதைத்துவிடும். இன்னொன்று: பாசிக்குக் குறைந்த அளவு கதிரே போதும். நோய்க் கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் கொல்ல வேண்டுமென்றால் தண்ணீர் மிக மெதுவாகப் போக வேண்டும். எங்கள் 30 வாட் கருவி தண்ணீரைத் தெளிவாக்கும், மீன் நோய்க்கு அதை நம்பி மருந்தை நிறுத்த மாட்டேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் குளத்தின் அடியில் கிடக்கும் கற்கள் தெரிந்தன. ஆயா ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மீன்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சோக்குப் பெட்டியின் மூடியில் தாத்தாவின் வரிசைக்குக் கீழே நானும் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது அந்த 2016-இன் ட்யூப். உள்ளே பாதரசம் இருப்பதால் வீட்டுக் குப்பையில் போடக் கூடாது, பழைய பல்பு சேகரிக்கும் பெட்டியில்தான் போட வேண்டும். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், பிறகு கெட்டி அட்டையால் அள்ளி மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும், வேக்கூம் கிளீனர் போடக் கூடாது. இதையெல்லாம் ஆயாவிடம் எடுத்துச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அவர் கையால மாட்டின கடைசி ட்யூபு தம்பி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். தடித்த அட்டைக் குழாய்க்குள் போட்டு இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, யார் கையும் எட்டாத அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.